சிறு கருவியும் கண்ணோட்டமும்

'காம்பாக்ட்' என்ற சொல்லைக் கேட்டதும் நல்லூர்ப் பகுதியில் வாழும் எவர்க்கும் முதலில் நினைவுக்கு வருவது, பின்னலாடைத் துணியின் சுருக்கத்தைக் கட்டுப்படுத்தி அகலத்தை நிலைப்படுத்தும் காம்பாக்டிங் எந்திரமே ஆகும். இக்கட்டுரை பேச விழைவது வேறொரு 'காம்பாக்ட்' பற்றியது. உள்ளங்கையில் அடங்குவதும், குவியத்தைத் தானே சரிசெய்துகொள்வதும், பிலிம் சுருளில் படம் பதிப்பதுமாகிய சிறு நிழற்படக் கருவியே அது. ஒரு காலத்தில் வளைகுடா நாடுகளிலிருந்து விடுமுறையில் வந்தோரின் பெட்டிகளில் விரும்பி எடுத்து வரப்பட்ட இக்கருவி, இன்று வீட்டு அலமாரிகளின் மேல்தட்டில் உறங்குகிறது.

கைப்பேசியிலேயே கேமரா வந்துவிட்ட இந்நாளில் இதனை எடுத்துத் தூசி தட்டுவானேன் என்று கேட்போர் உளர். அக்கேள்வி நியாயமானதே. எனினும், தம் ஊர் வீதியைக் காணக் கற்கும் மாணவர்க்கு இச்சிறு கருவி நல்லதோர் ஆசானாக அமையும் என்பது எம் கருத்து. அதனுடன் ஒன்றை வலியுறுத்தவும் வேண்டியுள்ளது. இக்கருவியின் சிறுமை மறைந்து நின்று எடுப்பதற்கன்று. நெருங்கி நின்று எடுப்பதற்கே. இவ்விரண்டின் வேறுபாட்டை உணராதார் கையில் இது கலைக்கருவியாக இராது; களவுக்குத் துணையாகிவிடும்.

கருவி வந்த வழி

35 மி.மீ. பிலிமைப் பயன்படுத்தும் லைக்கா என்னும் சிறு கருவி 1925-இல் செருமனியின் லைப்சிக் நகரக் கண்காட்சியில் வெளியிடப்பட்டது. அன்றே நிழற்படக் கலை முக்காலியை விட்டிறங்கி வீதிக்கு வந்துவிட்டது எனலாம். ஆயினும் தொலைவை மதிப்பிட்டு வில்லையைத் திருப்பும் வேலை படமெடுப்பவரிடமே இருந்தது. அவ்வேலையைக் கருவி தானே ஏற்றுக்கொண்டது 1977-இல். அவ்வாண்டில் சப்பானின் கோனிக்கா நிறுவனம் வெளியிட்ட சி35 ஏ.எஃப். என்பதே பெருமளவில் தயாரிக்கப்பட்ட முதல் தானியங்கிக் குவியக் கருவியாகும். 1979-இல் கேனான் நிறுவனம் அகச்சிவப்புக் கதிரால் தொலைவை அறியும் கருவியைக் கொணர்ந்தது. பின்னர் 1990-இல் கான்டாக்ஸ் டி2, 1991-இல் ஒலிம்பஸ் மியூ, 1996-இல் ரிக்கோ ஜி.ஆர்.1, 1997-இல் ஒலிம்பஸ் மியூ 2 என அடுத்தடுத்து வந்தன. சட்டைப்பையில் இட்டுச் செல்லத்தக்க அளவில், தொழில்முறைக் கலைஞரும் மதிக்கும் வில்லையோடு இவை அமைந்தன.

நம் நாட்டில் அந்நாளில் மிகுதியாகப் புழங்கிய கோடக் கே.பி.10, யாஷிகா எம்.எஃப்.2 முதலியன இவ்வகையைச் சார்ந்தவை அல்ல. அவற்றில் குவியம் ஓரிடத்தில் நிலைநிறுத்தப்பட்டிருக்கும். சற்றுத் தள்ளி நிற்பவர் தெளிவாகத் தெரிவார். அருகில் வரும் முகம் மங்கும். தானியங்கிக் குவியக் கருவியோ ஒவ்வொரு படத்திற்கும் தொலைவைப் புதிதாக அளந்துகொள்ளும். அலமாரியைத் திறந்து தேடுவோர் இவ்வேறுபாட்டை முதலில் அறிதல் நலம்.

பிலிமைப் பற்றிப் பேசுகையில் நமக்கு அண்மையிலுள்ள நீலகிரியை மறத்தல் இயலாது. உதகமண்டலத்தில் 1960-இல் நிறுவப்பட்ட இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் என்னும் அரசு நிறுவனம் 'இந்து' என்ற பெயரில் பிலிமும் நிழற்படத் தாளும் தயாரித்தது. அந்நிறுவனம் நலிந்து மூடப்பட்டது. உலகெங்கும் 2000-க்குப் பின் எண்மக் கருவிகள் பெருகவே, சிறு பிலிம் கருவிகளின் உற்பத்தியும் ஒன்றன்பின் ஒன்றாக நின்றது. ஆயினும் 2024-ஆம் ஆண்டில் பென்டாக்ஸ் 17 என்னும் புதிய பிலிம் கருவியும், ரோலை 35 ஏ.எஃப். என்னும் தானியங்கிக் குவியக் கருவியும் விற்பனைக்கு வந்துள்ளமை, இக்கலை முற்றிலும் மடிந்துவிடவில்லை என்பதற்குச் சான்றாகும்.

கண்ணும் கதிரும்

இக்கருவி தொலைவை அறியும் முறை எளிமையானது. கருவியின் முகப்பிலுள்ள ஒரு சிறு சாளரத்திலிருந்து கண்ணுக்குப் புலனாகாத அகச்சிவப்புக் கதிர் புறப்படுகிறது. அது எதிரேயுள்ள பொருளிற்பட்டுத் திரும்பி மற்றொரு சாளரத்தை வந்தடைகிறது. திரும்பிவரும் கோணத்தைக் கொண்டு கருவி தொலைவைக் கணித்து வில்லையை நகர்த்துகிறது. நிலம் அளப்போர் கையாளும் முக்கோண முறையே ஈண்டும் பயன்படுகிறது.

இவ்விடத்தில் நம் முன்னோர் ஒருவரை நினைவுகூர்தல் பொருந்தும். பஸரா நகரில் ஏறத்தாழ 965-இல் பிறந்து, கெய்ரோவில் வாழ்ந்து மறைந்த இப்னுல் ஹைதம், 'கிதாபுல் மனாளிர்' என்னும் ஒளியியல் பெருநூலை யாத்தவர். கண்ணிலிருந்து கதிர் புறப்பட்டுப் பொருளைத் தொடுவதாலேயே காட்சி பிறக்கிறது என்பது யூக்ளிட், தாலமி போன்ற கிரேக்க அறிஞர்தம் கொள்கை. அதனை மறுத்து, பொருளிலிருந்து வரும் ஒளி கண்ணை அடைவதாலேயே காண்கிறோம் என நிறுவினார் அவர். இருட்டறையின் சிறு துளை வழியே கிரகண காலச் சூரியனின் பிறைவடிவம் சுவரில் விழுவதையும் ஆராய்ந்தார். அவ்விருட்டறையே இன்று நம் உள்ளங்கைக்குள் அடங்கியிருக்கிறது. அவர் மறுத்த பழங்கொள்கையோ வேறொரு வடிவில் உண்மையாகிவிட்டது. தன்னிடமிருந்து கதிரை அனுப்பித் தொலைவை அறியும் 'கண்' ஒன்றை மனிதன் செய்துவிட்டான்.

தானே இயங்குவதாயினும் அது தானே சிந்திப்பதன்று. இருவர் அடுத்தடுத்து நிற்கையில் கதிர் அவர்களிடையே புகுந்து பின்சுவரைத் தொடுமாயின், சுவர் தெளிவாகவும் முகங்கள் மங்கலாகவும் அமையும். பேருந்துச் சாளரம் வழியே எடுப்பின் கண்ணாடியையே பொருளெனக் கொண்டு ஏமாறுவதும் உண்டு. முதற்குறைக்கு மருந்து, முகத்தை நடுவில் வைத்துப் பொத்தானைப் பாதி அழுத்திக் குவியத்தை நிறுத்தி, பின்னர்க் கருவியைத் திருப்பி முழுவதும் அழுத்துவதாகும். மியூ 2 போன்ற கருவிகள் மூடித் திறக்குந்தோறும் ஃபிளாஷை மீண்டும் தானியங்கி நிலைக்குக் கொண்டுவந்துவிடும். வீதியில் அம்மின்னொளி எதிர்பாராது பாய்வது பிறரைத் திடுக்கிடச் செய்யும். ஆதலின் ஒவ்வொரு முறையும் அதனை நிறுத்திவைக்கும் பழக்கம் வேண்டும்.

முப்பத்தாறு என்னும் எல்லை

இனி, கைப்பேசி இருக்க இது எதற்கு என்னும் வினாவிற்கு வருவோம். படத்தின் தெளிவைக் கருதின் இன்றைய கைப்பேசி எவ்வகையிலும் தாழ்ந்ததன்று. விரைவிலும் எளிமையிலும் அதுவே மேம்பட்டது. பிலிமோ செலவு மிக்கது. ஒரு வண்ணச் சுருளின் விலையும் அதனைக் கழுவிப் படியெடுக்கும் கூலியும் சேர இன்று ஆயிரம் ரூபாயைத் தாண்டிவிடுகின்றன. கழுவித்தரும் நிலையங்களும் அருகிவிட்டன. இவற்றை மறைத்துப் பழம்பொருளின் பெருமை பேசுவது நேர்மையாகாது.

ஆயினும் இக்குறைகளுக்குள்ளேயே இதன் பயனும் அடங்கியுள்ளது. ஒரு சுருளில் எடுக்கத்தக்கவை 36 படங்கள். அவ்வெல்லை, எடுப்பதற்கு முன் எண்ணிப் பார்க்கும்படி மாணவரைப் பணிக்கிறது. எல்லையற்று எடுப்போன் பின்னர்த் தேர்ந்துகொள்ளலாம் என்று கருதுகிறான். பெரும்பாலும் தேர்வதே இல்லை. இக்கருவிகள் பலவற்றில் 35 மி.மீ. அளவினதாகிய நிலைவில்லையே உண்டு. தொலைவிலிருந்து இழுத்துக் காட்டும் வசதி இல்லை. ஒருவர் முகம் வேண்டுமாயின் அவரருகே செல்லத்தான் வேண்டும். அருகே சென்றால் பேசத்தான் வேண்டும்.

இவற்றினும் முக்கியமானது வேறொன்று. பிலிமில் எடுத்த படத்தை அங்கேயே காட்டவும் இயலாது. அங்கேயே அழிக்கவும் இயலாது. "படம் கொண்டுவந்து தருகிறேன்" என்று சொல்லத்தான் இயலும். அச்சொல்லே பிணை. சுருள் முடிந்து, கழுவி, படியெடுத்து, அதே வீதிக்கு அதே மனிதரைத் தேடிச் செல்ல வேண்டும். எடுக்கப் போவது ஒருமுறை. கொடுக்கப் போவது மறுமுறை. அந்த இரண்டாவது பயணத்திலேதான் வீதி உண்மையில் அறிமுகமாகிறது. முதன்முறை 'டீக்கடைக்காரர்' என்றிருந்தவர் மறுமுறை பெயர் கொண்ட மனிதராகிறார். இதற்காகவே இக்கருவியை மாணவர் கையில் தரலாம் என்கிறோம்.

வீதியின் உரிமை

நம் பெரியோர்களிடையே இது குறித்து இரண்டு ஐயங்கள் எழுதல் இயல்பு. அவற்றை எளிதாக ஒதுக்கிவிடுதல் முறையன்று.

முதலாவது, உருவப்படம் கூடுமா என்பது. கடந்த நூற்றாண்டு முழுவதும் உலமாக்கள் இதனை விவாதித்துள்ளனர். எகிப்தின் முஃப்தியாக விளங்கிய முஹம்மது பகீத் அல்முத்தீஈ (1854–1935), நிழற்படம் எடுத்தல் புதிதாக ஓர் உருவைப் படைப்பதன்று, முன்னரே உள்ள நிழலைத் தடுத்து நிறுத்துவதே என்று கூறி அதனை அனுமதித்துத் தனி நூல் வரைந்தார். நம் துணைக்கண்டத்துத் தேவ்பந்த் மரபில் வந்த முஃப்தி முஹம்மது ஷஃபீ போன்றோர் அதனை ஏற்காது, தேவையின்றி உயிருள்ளவற்றைப் படமெடுப்பதைத் தடுத்தனர். இருதரப்பும் ஆய்ந்து கூறியவையே. அவற்றுள் தீர்ப்புக் கூறுதல் தமிழ்த்துறை மலரின் பணி அன்று. எனினும் ஒரு சொல்லழகைச் சுட்டாதிருக்க இயலவில்லை. அந்த எகிப்திய அறிஞர் வாதிட்ட 'நிழல்' என்னும் கருத்தையே 'நிழற்படம்' என்னும் நம் தமிழ்ச்சொல்லும் தாங்கி நிற்கிறது. தடுப்போர் கருத்தைப் பேணும் மாணவர்க்கும் வழி அடைபடவில்லை. பூட்டிய கதவு, சுவர் விளம்பரம், சாலையோரம் இறக்கிவைத்த துணிக்கட்டு, காயும் நூற்கண்டு ஆகியனவும் வீதியே.

இரண்டாவது ஐயம் இதனினும் கனமானது. பிறரை அவர் அறியாது படமெடுத்தல் தகுமா? பிறர் இல்லங்களில் அனுமதியின்றி நுழையாமையை 'அந்நூர்' அத்தியாயமும், துருவித் துருவி ஆராயாமையை 'அல்ஹுஜுராத்' அத்தியாயமும் கற்பிக்கின்றன. வீதியில் அமர்வதைத் தவிர்க்க இயலாதெனின் வீதிக்குரிய உரிமையை வழங்குங்கள் என்னும் கருத்தமைந்த நபிமொழியும் உண்டு. பார்வையைத் தாழ்த்தல், தொல்லை தராமை, ஸலாமுக்கு மறுமொழி கூறல், நன்மையை ஏவித் தீமையைத் தடுத்தல் என்பன அவ்வுரிமைகளாக அண்ணல் நபி (ஸல்) அவர்களால் எண்ணப்பட்டன. வீதியில் கருவியேந்தி நிற்பார்க்கு இவற்றினும் சிறந்த இலக்கணம் வேறு வேண்டுமா? பார்க்கத் தகாததைப் பாராமை முதலாவது. எடுப்பதால் எவர்க்கும் இன்னல் நேராமை இரண்டாவது. முகமன் கூறி உரையாடுதல் மூன்றாவது. எடுத்த படம் நன்மைக்குப் பயன்படுதல் நான்காவது.

நாட்டின் சட்டமும் இத்திசையிலேயே சென்றுள்ளது. 'நக்கீரன்' இதழ் தொடர்பாக 1994-இல் உச்ச நீதிமன்றம் வழங்கிய ராஜகோபால் வழக்கின் தீர்ப்பு, குடிமகனுக்குத் தொந்தரவின்றித் தனித்து விடப்படும் உரிமை உண்டு எனக் கூறியது. 2017 ஆகஸ்ட் 24 அன்று ஒன்பது நீதிபதிகள் அடங்கிய அமர்வு புட்டசாமி வழக்கில் அந்தரங்கத்தை அடிப்படை உரிமை என அறுதியிட்டது. வீதிக்கு வந்துவிட்டதாலேயே ஒருவர் தம் மானத்தை வாசலில் விட்டுவந்தவர் ஆகார்.

இதற்கு மாறான கருத்துடைய கலைஞர் உலகில் உளர் என்பதையும் கூறவேண்டும். டோக்கியோவின் சின்சுகு பகுதி வீதிகளை ரிக்கோ ஜி.ஆர். வகைச் சிறு கருவிகளால் ஓயாது எடுத்துப் புகழ்பெற்ற டைடோ மொரியாமா, அனுமதி கேட்டு எடுப்பவர் அல்லர். 1950-இல் திருவண்ணாமலையில் இரமண மகரிசியின் இறுதி நாள்களைப் படம்பிடித்த பிரெஞ்சுக் கலைஞர் ஆன்றி கார்த்தியே-பிரெசோனும், தம்மைப் பிறர் கவனியாதிருப்பதையே தம் கலையின் உயிராகக் கொண்டவர். கேட்டால் அக்கணம் போய்விடும் என்பது இவர்கள் வாதம். அவ்வாதத்தில் உண்மை இல்லாமல் இல்லை. கேட்டவுடன் மனிதர் நிமிர்ந்து நின்று முகத்தை இறுக்கிக்கொள்வதை நாம் அறிவோம்.

ஆயினும் டோக்கியோவில் எடுப்பவரும் எடுக்கப்படுபவரும் மீண்டும் சந்திக்கப் போவதில்லை. நல்லூரில் நிலை வேறு. இங்கே எடுக்கப்படுபவர் நம் வகுப்புத் தோழரின் தாயாராக இருக்கலாம். பள்ளிவாசலில் நம்முடன் தோளொட்டி நிற்பவராக இருக்கலாம். ஒடிசாவிலிருந்தோ பீகாரிலிருந்தோ வந்து நம் தெருவிலேயே குடியிருக்கும் தொழிலாளராக இருக்கலாம். எனவே ஒரு நடுவழியைப் பரிந்துரைக்கிறோம். கணம் தப்பாதிருக்க முதலில் எடுக்க நேரினும், அடுத்த நொடியே கருவியைத் தாழ்த்தி, அவரிடம் சென்று, எடுத்ததைச் சொல்ல வேண்டும். அவர் மறுத்தால் அப்படத்தைப் படியெடாது விடுவதோடு, அந்த நெகடிவை வெட்டி அவரிடமே தந்துவிடவும் வேண்டும். பெண்டிரையும் சிறாரையும் முன்னனுமதியின்றி எடுத்தல் அறவே ஆகாது. இவ்விதியில் விலக்கே இல்லை.

உள்ளிருந்து காணல்

சிறாரும் கையாளத்தக்க இக்கருவி என்ன செய்யவல்லது என்பதற்கு இந்தியாவிலேயே ஒரு சான்று உண்டு. கொல்கத்தாவின் சோனாகாச்சி பகுதியில் வாழ்ந்த பாலியல் தொழிலாளரின் குழந்தைகளுக்குச் சானா பிரிஸ்கி என்பார் எளிய பிலிம் கருவிகளைத் தந்து தம் தெருவைத் தாமே படமெடுக்கக் கற்பித்தார். அம்முயற்சியைப் பற்றிய 'பார்ன் இன்டு பிராத்தல்ஸ்' என்னும் ஆவணப்படம் 2004-இல் வெளிவந்து மறு ஆண்டு ஆஸ்கர் விருது பெற்றது. வெளியார் எவரும் நுழைய இயலாத மாடிகளையும் சந்துகளையும் அக்குழந்தைகள் காட்டினர். அதே படம் தாய்மாரைச் சித்திரித்த முறை குறித்துக் கடுங்கண்டனத்திற்கும் உள்ளாயிற்று. இரண்டு பாடங்களும் நமக்கு வேண்டும். உள்ளே வாழ்பவரே வீதியை ஆழமாகக் காண்பர்; அவர் கண்டதை உலகிற்குக் காட்டுமுன் வீதியிடம் கேட்கவும் வேண்டும்.

திருப்பூரை உலகம் அறிந்தது பெரும்பாலும் வெளியார் எடுத்த படங்களாலேயே. வண்ணம் கலந்தோடிய நொய்யலாறு, வரிசையாகத் தைக்கும் பெண்கள், 2011 சனவரியில் சென்னை உயர் நீதிமன்ற ஆணையால் எழுநூறுக்கும் மேற்பட்ட சாயப்பட்டறைகள் மூடப்பட்டபோது வெறிச்சோடிய ஆலைகள் ஆகியனவே அப்படங்கள். அவை பொய்யல்ல. ஆனால் அவை மட்டுமே நாமும் அல்ல. இரவுப்பணி முடிந்து தேநீர் பருகும் கைகள், ஞாயிறன்று கடைவீதியில் கூடும் பன்மொழிக் கூட்டம், "ஓவர்லாக், பேட்லாக் டைலர்கள் தேவை" என்று தமிழிலும் இந்தியிலும் ஒட்டப்பெற்ற அறிவிப்புகள், கட்டிங் வேஸ்ட் மூட்டைகளை மலைபோல் ஏற்றிச் செல்லும் வண்டி ஆகியவற்றை எடுப்பார் யார்?

வீதியைப் பதிவுசெய்தல் தமிழர்க்குப் புதிதன்று. மதுரைக்காஞ்சி பகலங்காடியையும் அல்லங்காடியையும் காட்டுகிறது. சிலப்பதிகாரத்து ஊர்காண் காதையில் கோவலன் கண்ட மதுரைத் தெருக்களுள் துணி விற்கும் அறுவை வீதியும் ஒன்று. ஈராயிரம் ஆண்டுப் பழமையுடைய மரபில் வந்த அறுவை வீதியை நாம் சொல்லோவியமாக அறிகிறோம். நம் காதர்பேட்டையை எவ்வாறு பின்வருவோர் அறிவர்? 1925-இல் குலாம் காதர் என்பார் நிறுவிய பேபி நிட்டிங் ஆலையிலிருந்தே இவ்வூரின் பனியன் தொழில் தொடங்கியதாக ஊர் வரலாறு கூறும். நூறாண்டு கடந்துவிட்டது. அந்நாளைய தெருவின் தோற்றத்தை நம்மில் எத்தனை பேர் கண்டிருக்கிறோம்? 2023 சூனில் காதர்பேட்டைப் பனியன் சந்தையில் பற்றிய தீ ஓரிரவில் பல கடைகளைச் சாம்பலாக்கியது. எரிந்த கடைகளின் படம் செய்தித்தாள்களில் வந்தது. எரிவதற்கு முந்தைய நாளின் படமே வரலாற்றுக்குத் தேவையானது. நல்லூரும் 2011-இல் திருப்பூர் மாநகராட்சியோடு இணையும்வரை தனி நகராட்சியாக இருந்த ஊர். காங்கயம் சாலையின் இருமருங்கும் அதன்பின் மாறியவற்றை நினைவிலிருந்து கூறுவோர் உளர். படமாகக் காட்டுவோர் அரியர்.

செய்யத்தக்கது

இறுதியாக, தமிழ்த்துறை மேற்கொள்ளத்தக்க ஒரு சிறு பணியை முன்வைக்கிறோம். வீடுகளில் பயனற்றுக் கிடக்கும் தானியங்கிக் குவியக் கருவிகளை அன்பளிப்பாகக் கேட்டுப் பெறலாம். ஐந்து கிடைப்பினும் போதும். விலையுயர்ந்த புகழ்மிக்க வகைகளைத் தேடி வாங்க வேண்டுவதில்லை. ஒரு சுருளை ஆறு மாணவர் பகிர்ந்துகொள்ளட்டும். ஒருவருக்கு ஆறு படம். செலவும் குறையும், சிந்தனையும் மிகும். எடுத்த ஒவ்வொரு படத்திற்கும் இரண்டு படிகள் வேண்டும். ஒன்று படத்தில் உள்ளவர்க்கு. மற்றொன்று துறை நூலகத்திற்கு. நூலகப் படியின் பின்புறத்தில் நாள், இடம், அவர் தம் தொழிலுக்கு வழங்கும் சொல் ஆகிய மூன்றையும் எழுதட்டும். கைமடி, செக்கிங், பேட்லாக், பவர்டேபிள் என நம் தொழிலாளர் நாவில் வழங்கும் சொற்களை அகராதிகள் முழுமையாக ஏற்கவில்லை. படமும் சொல்லும் ஒருங்கே சேர்ந்தால் அது தமிழ்த்துறைக்கே உரிய தொண்டாகும். பத்தாண்டுகள் தொடர்ந்தால் இவ்வூரின் வீதி வரலாறு நம் கல்லூரியில் இருக்கும்.

வள்ளுவர் கண்ணோட்டம் என்னும் அதிகாரத்தைப் பொருட்பாலில் அரசியல் பகுதியில் வைத்தார். பிறரைக் காணும் கண்ணில் இரக்கம் ஓடவேண்டும் என்னும் அவ்வறம் ஆள்வோர்க்குச் சொல்லப்பட்டது. நிழற்படக் கருவியை ஏந்தியவரும் எதிரே நிற்பவரின் தோற்றத்தை ஒரு கணம் ஆள்பவரே. அந்த ஆட்சி முப்பத்தாறு படங்களுக்குள் அடங்கிய சிற்றாட்சி ஆயினும், அதற்கும் கண்ணோட்டம் வேண்டும். குவியத்தைக் கருவி பார்த்துக்கொள்ளும். கண்ணோட்டத்தை எந்தக் கருவியும் தானே சரிசெய்துகொள்ளாது. அதனைக் கற்பிக்கும் பொறுப்பு ஆசிரியரையும் பெற்றோரையும் ஊர்ப் பெரியோரையும் சார்ந்தது.